தொண்டையில் ஏறும் வயது
உடம்பெனும் ஊர் – தொடர் 14

ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா ஈரச்சந்தையில் காய்கறிக் கடைப் பக்கம் நின்று பாருங்கள். எலும்பு வெட்டும் கத்திச் சத்தம், தரையில் தண்ணீர் அடிக்கும் சத்தம், நாலைந்து மொழிகளில் விலை கேட்கும் கூட்டம். இதற்கு நடுவில் முருங்கைக்காய் கேட்கும் ஓர் இளம்பெண்ணின் குரல் கடைக்காரரை உடனே எட்டிவிடுகிறது. அவருக்கு முன்னாலேயே வந்து நின்ற பாட்டி இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லை. "என்ன பாட்டி வேணும், சத்தமாச் சொல்லுங்க" என்று கடைக்காரர் குனிந்து கேட்கிறபோது பாட்டி விரலால் காட்டுகிறார். இரைச்சலில் நிற்கும் யாரும் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் இதை எழுதிவைத்தார். பாட்டியும் உயர்த்தத்தான் பார்க்கிறார். ஆனால் ஏறுவதற்குக் குரலில் இருப்பு இல்லை.

அந்த இருப்பு எங்கே போனது?

குரல்வளைக்குள் இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்கிறோம். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைக்கிறது. பிறந்த குழந்தையின் நாண்கள் மிகச் சிறியவை. அழுகையில் நொடிக்கு 400 தடவைக்கு மேல் அதிரும். வளர்ந்த பெண்ணுக்கு ஏறத்தாழ 200, ஆணுக்கு 100 முதல் 130. பையன்களுக்குப் பதின்ம வயதில் குரல்வளை திடுமெனப் பெரிதாகிறது, நாண்கள் நீண்டு தடிக்கின்றன, சில மாதங்களில் சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. பெண்களுக்கும் இறங்குகிறது, கொஞ்சமாக. பையன்களின் மாற்றத்தை மகரக்கட்டு உடைவது என்று சொல்வார்கள். மேடையில் பாடிய சிறுவர்களைக் கொண்டே நடந்த பாய்ஸ் கம்பெனி நாடகங்களின் காலத்தில் இது பிழைப்பைப் பறிக்கும் சங்கதி. நேற்றுவரை ராஜபார்ட் போட்ட பையன், குரல் உடைந்த மறுநாள் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான்.

அந்த மாற்றத்தை எல்லோரும் கவனிக்கிறோம், வீட்டில் கேலிகூடச் செய்கிறோம். அறுபதுக்கு மேல் நடக்கும் இரண்டாவது மாற்றத்தை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை.

அது மெல்ல வருவதால் இருக்கலாம். நாண்களுக்குள் இருக்கும் தசை இளைக்கிறது. நேராக இருந்த விளிம்பு உள்வாங்கி வில்லாக வளைகிறது. இரண்டும் சேரும்போது நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளி வழியே காற்று வீணாக ஒழுகுவதால் குரலில் மூச்சின் இரைச்சல் கலக்கிறது. குரல்வளையின் குருத்தெலும்புகள் இறுகி எலும்பாகின்றன. விலாக்கூடும் இறுகுவதால் இழுக்கும் காற்றே குறைவு. அதிலும் பாதி ஒழுகிவிட்டால் ஒரே மூச்சில் நீண்ட வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடியாது. தாத்தா ஏன் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் "சரி விடு" என்று நிறுத்துகிறார் என்பதற்கு மறதி மட்டும் காரணம் இல்லை.

இன்னொன்று. நாண்கள் மெலிவதால் முதிய ஆண்களின் சுருதி சற்று ஏறுகிறது. பெண்களுக்கோ மாதவிடாய் நின்றபின் நாண்கள் கொஞ்சம் தடித்து, சுருதி இறங்குகிறது. இளமையில் வெகுதூரம் விலகியிருந்த இரண்டு குரல்கள் முதுமையில் ஒன்றையொன்று நெருங்குகின்றன. தொலைபேசியில் தாத்தாவை "மேடம்" என்று அழைக்கும் வங்கி ஊழியரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு போனையே எடுக்காமல் விட்டுவிடும் ஆண்கள் இருக்கிறார்கள். அதைச் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. கச்சேரி பாடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஐந்து கட்டையில் பாடிய வித்துவாம்சினி அறுபதில் நாலுக்கு வருவார், தம்புராவையும் அதற்கேற்பச் சேர்த்துக்கொள்வார். அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை.

ஒரே மனிதரின் இரண்டு குரலையும் கேட்டுப் பார்க்க சிங்கப்பூரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த 1965 ஆகஸ்ட் 9 அன்று செய்தியாளர் கூட்டத்தில் பேசிய பிரதமர் லீ குவான் இயூவுக்கு வயது 41. துக்கம் தொண்டையை அடைத்து நிறுத்திய இடத்தில்கூட அந்தக் குரலுக்கு அடியில் கனம் இருக்கிறது. சரியாக 50 ஆண்டு கழித்து, 2015 ஆகஸ்ட் 9 காலை 9 மணிக்கு, அவர் இறந்து நாலரை மாதம் ஆகியிருந்த நிலையில், அவர் முன்பே பதிவுசெய்து வைத்திருந்த சுதந்திரப் பிரகடன வாசிப்பு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தது. மெலிந்த, நிதானமான முதியவரின் குரல். ஆனால் சொற்களை அழுத்தும் விதத்தில் ஆளைச் சந்தேகமின்றி அடையாளம் தெரிகிறது. வயது எடுத்துக்கொள்வது காற்றையும் பலத்தையும்தான். பேச்சின் நடை பெரும்பாலும் தங்கிவிடுகிறது.

தங்கிவிடுகிறது என்றாலும் கல்லில் செதுக்கியதுபோல் அல்ல. எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் உரைகளை வைத்து ஜோனதன் ஹாரிங்டன் குழு 2000இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 1950களில் இருந்த அவருடைய உயிரொலிகள் 1980களுக்குள், அவரைவிட இளையவர்கள் பேசும் ஆங்கிலத்தின் பக்கம் நகர்ந்திருந்தன. அரண்மனைக்குள் இருந்தவருக்கே அப்படியென்றால், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இருபது வயதில் கப்பலேறி வந்து, பேத்தியிடம் "சாப்பிட்டியா லா" என்று கேட்கும் ஆச்சியின் பேச்சில் அறுபது வருடச் சிங்கப்பூர் ஏறியிருப்பதில் வியப்பில்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். முதிய குரல் தேய்வதில் ஒரு பங்கு தசையால், இன்னொரு பங்கு பேசாமையால். கால் தசை நடக்காவிட்டால் இளைப்பதுபோல் இந்தத் தசையும் இளைக்கும். சிங்கப்பூர்க் குடிமக்களில் இன்று ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வயது 65க்கு மேல். 2030இல் நால்வரில் ஒருவர் என்று அரசு கணிக்கிறது. வீவக வீட்டில் தனியே இருக்கும் ஒருவர் காலையில் கோப்பிக்கடையில் "கோப்பி ஓ" என்று சொன்னதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடலாம். குரல் தளர்ந்ததால் பேசுவதில்லை, பேசாததால் குரல் இன்னும் தளர்கிறது. இந்தச் சுழலை உடைக்க முடியும் என்பதைத்தான் பலரும் அறியாமல் இருக்கிறார்கள்.

பேச்சு சிகிச்சையாளர்கள் சொல்லித்தரும் பயிற்சிகள் எளியவை. ஒரு தம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை விட்டு, குமிழி வரும்படி "ஊ" என்று நீட்டி ஒலிப்பது அதில் ஒன்று. நாண்கள் அதிகம் சிரமப்படாமல் அதிரப் பழகும். நாளிதழை வாய்விட்டுப் படிக்கலாம். தேவாரம், பஜனை, பழைய சினிமாப் பாட்டு எதுவானாலும் பாடலாம். சிராங்கூன் சாலைக் கோயில்களில் கூட்டமாகப் பாடுகிற மூத்தோர் பக்தியோடு சேர்த்துத் தொண்டைக்கும் நல்லது செய்துகொள்கிறார்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் நாண்களில் ஊசி மூலம் நிரப்பி, அவற்றை நெருக்கமாகக் கொண்டுவரும் சிகிச்சையும் உண்டு. சில மாத்திரைகள் தொண்டையை வறளவைக்கும். அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லாக் கரகரப்பையும் வயதின் தலையில் போட்டுவிடக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால், அதிலும் புகைபிடித்தவராக இருந்தால், பலதுறை மருந்தகத்துக்குப் போய் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். குரல்வளைப் புற்றுநோய் தொடக்கத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் குணமாகும். குரல் மெல்ல மெல்ல மெலிந்து ஒரே சுருதியில் வந்தால் அது பார்க்கின்சன் நோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளைச் சேர்த்து வருகிறது. தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. அவற்றைக் கேட்கும்போது எனக்கு ஓர் ஏக்கம் வரும். பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அப்போதே முதியவர்கள். அவர்களுடைய இருபது வயதுக் குரல் எங்கேயும் இல்லை. பிரதமரின் இளமைக் குரலைப் பதிவுசெய்ய ஆட்கள் இருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் குரலுக்கு முன்னால் யாரும் ஒலிவாங்கியை வைக்கவில்லை. இன்று ஒவ்வொருவர் பையிலும் ஒலிவாங்கி இருக்கிறது. அப்பாவை நாற்பதிலும் பதியுங்கள், எழுபதிலும் பதியுங்கள். சமையல் குறிப்போ சண்டையோ, எது கிடைத்தாலும் தேதியோடு சேமித்து வையுங்கள்.

அடுத்த வாரம் காது. கடைக்காரருக்கும் வயதாகிவிட்டால் அந்தப் பாட்டியின் "ச"வும் "ஸ"வும் அவருக்குப் பாதிதான் கேட்கும்.