சிறிய வீடு, பெரிய கணக்கு

ஓய்வூதியர்களின் சொர்க்கம் எனப் புனே நகரம் பெயர் பெற்றிருந்த காலம் ஒன்று உண்டு. இதமான தட்பவெப்பம், மரநிழல் சூழ்ந்த சாலைகள், கைக்கு அடங்கிய செலவு. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலும், பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகங்களிலும், பிம்ப்ரி-சின்ச்வட்டின் ஆலைகளிலும் பணியாற்ற வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, ஓய்வு பெற்ற பின்னரும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டன.

அத்தகைய ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். கோத்ருடில் மூன்று படுக்கையறை வீடு. பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து சென்றுவிட்டனர். இரண்டு அறைகள் தீபாவளிக்குத் தீபாவளி தூசி தட்டுவதற்காகவே திறக்கப்படுகின்றன. சங்கத்திலிருந்து வரும் பராமரிப்பு ரசீது மட்டும் ஆண்டுதோறும் வளர்கிறது: காவலர் ஊதியம், மின்தூக்கி ஒப்பந்தம், வெளிப்பூச்சு, கோடையில் தண்ணீர் லாரி. “இதை விற்றுவிட்டுச் சிறியதாக ஒன்று பார்த்துக்கொள்வோமே” என்ற பேச்சு ஒருநாள் எழுகிறது.

நியாயமான பேச்சுதான். எனினும் வீட்டின் பரப்பு பாதியானால் செலவும் பாதியாகும் என்று நாம் எண்ணிவிடுவதில்தான் முதல் தடுமாற்றம் நேர்கிறது.

மகாராஷ்டிரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெரும்பாலும் இரு வகைச் சட்டங்களின் கீழ் அமைகின்றன. ஒன்று, 1960-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். மற்றொன்று, 1970-ஆம் ஆண்டு அடுக்குமனை உடைமைச் சட்டம். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, ரசீதில் தெரியும். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகளின்படி காவல், துப்புரவு, அலுவலகம் முதலிய சேவைக் கட்டணங்களும் மின்தூக்கிச் செலவும் எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகின்றன. ஓர் அறை வீட்டுக்காரரும் நான்கு அறை வீட்டுக்காரரும் ஒரே தொகையைச் செலுத்துவர். தண்ணீர்க் கட்டணம் குழாய்களின் எண்ணிக்கையையும் அளவையும் ஒட்டியது. பழுதுநிதியும், ரசீதில் ‘சிங்கிங் ஃபண்டு’ என்று காணப்படும் சேமநிதியும் வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு முறையே குறைந்தது 0.75%, 0.25% எனக் கணக்கிடப்படுகின்றன. சிறிய வீட்டில் குறைவது இவைதாம்.

உடைமைச் சட்டத்தின் கீழ் வரும் வளாகங்களிலோ, பொதுச் செலவு அவரவர் பங்குரிமையின் விகிதப்படி பிரிக்கப்படுகிறது. புனேயின் ட்ரெஷர் பார்க் வளாகம் தொடர்பான வழக்கில், பெரிய வீட்டுக்காரர்கள் கூடுதலாகச் செலுத்தவேண்டும் என்பதை 2025-இல் மும்பை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே, நீச்சல்குளமும் உடற்பயிற்சிக் கூடமும் கொண்ட கூட்டுறவு வளாகத்தில் சிறு வீடு வாங்குபவர், தாம் ஒருமுறையும் இறங்காத குளத்துக்குப் பெரிய வீட்டுக்காரரின் அளவே தருவார். வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, “இது சங்கமா, அபார்ட்மெண்டா?” என்பதே. விற்பவர்களுக்கே சில சமயம் விடை தெரியாது, பத்திரத்தில் இருக்கும்.

அடுத்தது, வீடு மாறுவதற்கான செலவு. நம் தம்பதி பழைய வீட்டை ஒன்றரைக் கோடிக்கு விற்று, 90 லட்சத்துக்குப் புதியதை வாங்குவதாகக் கொள்வோம். புனே நகரில் முத்திரைத் தீர்வை, மெட்ரோ வரி உள்பட 7%. அதாவது 6,30,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 30,000. மனைவியின் பெயரில் மட்டும் பதிவு செய்தால் தீர்வையில் 1% குறையும். 90,000 ரூபாய் மிஞ்சும். இன்னும் கட்டி முடிக்கப்படாத வீடு என்றால் பொதுவாக 5% ஜிஎஸ்டி உண்டு. பணிநிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு இல்லை. தரகு, சாமான் ஏற்றுகூலி, புது அலமாரி ஆகியவை தனி. பராமரிப்பில் மாதம் 3,000 ரூபாய் மிச்சப்படுத்துவதற்காக மட்டும் ஒருவர் வீடு மாறினால், முத்திரைத் தீர்வையை மீட்கவே பதினேழு ஆண்டுகளுக்கு மேலாகும். எழுபது வயதில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

வீடு மாறுவதன் மெய்யான பயன், கையில் எஞ்சும் தொகை. அதிலும் வருமான வரி குறுக்கிடுகிறது. விற்பனைக்கு முன் ஓராண்டுக்குள்ளோ, பின் இரண்டாண்டுக்குள்ளோ மற்றொரு வீடு வாங்கினால் மூலதன ஆதாயத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் புது வீட்டில் இட்ட அளவுக்கு மட்டுமே. ஆகவே பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்வோருக்கு விலக்கில் அடங்காத ஆதாயம் எஞ்சக்கூடும். அதற்கு வரி 12.5%. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், விலைவாசிக் குறியீட்டுடன் கூடிய 20% முறையிலும் கணக்கிட்டு, குறைந்த வரியைச் செலுத்தலாம். ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை குறிப்பிட்ட அரசு நிறுவனப் பத்திரங்களில் இட்டாலும் விலக்கு கிடைக்கும். ஐந்தாண்டுகளுக்கு அப்பணத்தைத் தொட இயலாது. புது வீடு இன்னும் அமையாதவர்கள், வருமான வரிப் படிவம் தாக்கல் செய்வதற்கான கெடுவுக்குள் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் தொகையை வைப்பு செய்யவேண்டும். சாதாரணச் சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணம் இதற்கு ஈடாகாது. கிளைக்கு வரும் மூத்த வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் குறிப்பாக நினைவூட்ட விரும்புவது இதைத்தான்.

சொத்து வரியில் புனேக்கென ஒரு தனி வழக்கம் உண்டு. உரிமையாளரே வசிக்கும் வீட்டுக்கு மாநகராட்சி 1970 முதல் வரிமதிப்பில் 40% சலுகை அளித்து வந்தது. இடையில் நிறுத்தப்பட்டு, 2023-இல் மாநில அரசின் முடிவால் மீண்டும் வந்தது. புது வீட்டுக்கு இச்சலுகை பதிவாகியுள்ளதா என்பதை ரசீதில் பாருங்கள், இல்லையெனில் பி.டி.3 படிவத்தைச் சான்றுகளுடன் அளிக்கவேண்டும். பெரிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சிறியதில் குடியேற எண்ணுவோர் இச்சலுகையை இழப்பதோடு, சேவைக் கட்டணத்தில் 10% வரை கூடுதலாகவும் சங்கத்துக்குச் செலுத்த நேரலாம். பிம்ப்ரி-சின்ச்வட் தனி மாநகராட்சி. அங்கு விதிகள் வேறு.

விற்க மனமில்லாதவர்களுக்கு 2007 முதல் மறுதலை அடமானக் கடன் என்னும் வழியும் இருக்கிறது. அறுபது வயது கடந்தவர்கள் தம் வீட்டிலேயே வாழ்ந்துகொண்டு, அதன் மதிப்பின் மீது மாதத்தொகை பெறலாம். கட்டிய வீட்டை அடகு வைப்பதா என்னும் தயக்கம் நம் குடும்பங்களில் ஆழமானது. அதைக் குறை சொல்வதற்கில்லை.

மின்தூக்கி இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் இந்நகரில் மலிவாகக் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் அவற்றைப் பார்க்கவே போகவேண்டாம். புறநகரின் புதிய வளாகங்களில் விலை குறைவு, அறைகளும் வெளிச்சமானவை; ஆனால் வாகோலி, உண்ட்ரி போன்ற பகுதிகளில் பல வளாகங்கள் லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பவரிடம் கடந்த பன்னிரண்டு மாதப் பராமரிப்பு ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். ஏப்ரல், மே மாத ரசீதுகளை முதலில் பாருங்கள்.