இரண்டாவது வூஃபர் எங்கே நிற்க வேண்டும்?

ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புகள் கட்டப்பட்ட பிறகு நடந்தது இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் எல்லோருக்கும் தெரியும். வாயிலில் மணல் குவிந்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டது. 2013இல் திறந்த துறைமுகத்துக்குள் மீன்பிடிப் படகுகள் போய்வர முடியாமல் தவித்த காலமும் உண்டு. அலை விடயத்தில் எத்தனை கல் போடுகிறோம் என்பதைவிட எங்கே போடுகிறோம் என்பதே பெரிய கேள்வி. வீட்டு ஹோலில் சப்வூஃபர் வைப்பவருக்கும் இதே கேள்விதான். ஆனால் கடைக்குப் போனதும் அவர் கேட்பது, “ஒன்று போதுமா, இரண்டு வேணுமா?” என்றுதான்.

சப்வூஃபர் கையாள்வது ஏறக்குறைய 20 முதல் 80 ஹேர்ட்ஸ் வரையான அடித்தொனியை. நமது வெக்கையில் ஒலி வினாடிக்குச் சுமார் 348 மீற்றர் ஓடுகிறது. அப்படியானால் 20 ஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 17 மீற்றருக்கு மேல். 80 ஹேர்ட்ஸில் 4 மீற்றர் சொச்சம். அறையைவிட நீளமான, அல்லது அறையளவே ஆன அலைகள் இவை. சுவரில் மோதித் திரும்பும் அலை எதிரே வரும் அலையோடு கலந்து, சில இடங்களில் வீங்கியும் சில இடங்களில் செத்தும் நிற்கும். இதற்கு நிலையலை என்று பெயர்.

தண்ணீரில் இந்தக் கணக்கு பழையது. காற்று ஓய்ந்த பின்னும் ஜெனீவா ஏரி கரைக்குக் கரை ஏறி இறங்குவதை 19ஆம் நூற்றாண்டில் ஃபோரெல் என்ற சுவிஸ் அறிஞர் ஆண்டுக்கணக்கில் அளந்தார். ஓர் ஆட்டத்துக்கு 73 நிமிடம் அளவில் ஆகிறது. ஏரியின் நீளமும் ஆழமும் அந்தத் தாளத்தைத் தீர்மானிக்கின்றன. 1828இலேயே மெரியான் என்பவர் அதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். துறைமுகம் கட்டும் பொறியியலாளர்களுக்கும் இந்தப் பயம் உண்டு. வெளியிலிருந்து வரும் நீண்ட அலையின் தாளம் உள்ளே இருக்கும் தண்ணீரின் தாளத்தோடு ஒத்துப்போனால், கட்டி நிற்கும் படகுகள் கயிற்றை அறுக்கும்.

அறைக்கும் அதே சூத்திரம்தான். நீரலையின் வேகத்துக்குப் பதில் ஒலியின் வேகத்தைப் போட வேண்டும். 16 அடி நீளம், 13 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஒரு ஹோலை எடுங்கள். ஒலியின் வேகத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 36 ஹேர்ட்ஸ் வரும். அகலத்துக்கு 44, உயரத்துக்கு 57. படத்தில் குண்டு வெடித்து 36 ஹேர்ட்ஸ் கிளம்பினால், முன், பின் சுவரோரம் இருப்பவருக்கு நெஞ்சு அதிரும். நடுவில் கதிரை போட்டவருக்கு வெடித்ததா என்றே சந்தேகம் வரும். நமது வீடுகளில் சோபா சுவரோடு ஒட்டியே கிடப்பதால், “பேஸ் அள்ளுது” என்று வூஃபரைப் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டில் பாதி சுவருக்குச் சேர வேண்டியது.

அமெரிக்க வீடுகளின் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. அது அடித்தொனிக்கு அசைந்து கொடுத்து, ஓரளவை விழுங்கிவிடும். நமது கல் சுவரும் கொங்கிறீட் கூரையும் டைல்ஸ் தரையும் எளிதில் அசையாதவை. உள்ளே போன பேஸ் சுற்றிச் சுற்றி வரும். திரைச்சீலை, கம்பளம் போடலாமே என்பார்கள். கீச்சுச் சத்தத்தைத் தணிக்க அவை உதவும். 36 ஹேர்ட்ஸுக்கு அவை இருப்பதே தெரியாது. ஈக்வலைசரும் வீங்கிய தொனியைத் தணிக்குமே தவிர, செத்த இடத்தை எழுப்பாது. சக்தியைக் கூட்டினால், அழிக்க வரும் அலையும் அதே அளவு கூடுகிறது.

ஹார்மன் நிறுவனத்தின் டொட் வெல்ட்டி 2002இல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் மாநாட்டில் இதையே கேள்வியாக வைத்தார்: எத்தனை சப்வூஃபர் போதும்? செவ்வக அறையில் பல எண்ணிக்கைகளையும் இடங்களையும் கணினியில் ஓடவிட்டு, இருக்கைக்கு இருக்கை ஒலி எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார். நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்றாக நான்கு வைத்தது மிகச் சிறந்த அமைப்புகளில் ஒன்றாக வந்தது. நான்கைத் தாண்டினால் சொல்லத்தக்க பயன் இல்லை. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்ததும் ஏறத்தாழ அதே நன்மையைத் தந்தது.

ஏன் அப்படி? 36 ஹேர்ட்ஸில் முன்சுவரில் அழுத்தம் ஏறும்போது பின்சுவரில் இறங்கும். இரு சுவரிலும் ஒரே நேரத்தில் தள்ளும் வூஃபர்கள் நின்றால், ஒன்று ஊட்டுவதை மற்றது பறித்துவிடும். அந்தத் தொனி எழ வழியில்லை. அகலத்துக்குரிய 44ஐயும் அவை கிளப்புவதில்லை, ஏனெனில் இரண்டும் நிற்பது அதன் செத்த இடத்தில். நீள, அகலத் திசைகளில் மிஞ்சுவது 72 போன்ற இரண்டாம் தொனிகள். அவற்றில் முன், பின் சுவர்கள் சேர்ந்து ஏறும்போது அறையின் நடு இறங்கும். ஆகவே நான்கு வைக்கும்போது, பக்கச் சுவர்களின் நடுவில் நிற்கும் மற்ற இரண்டும் அதை அடக்குகின்றன. ஐந்தாவது வூஃபருக்குப் பெரிய வேலை எதுவும் மிச்சமில்லை.

இது நாற்புறமும் அடைத்த அறையின் கணக்கு. சாப்பாட்டு அறையோடு ஆர்ச் வழியாகத் திறந்து கிடக்கும் ஹோலுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே ஒரு பழைய உபாயம் கைகொடுக்கும். வூஃபரைத் தூக்கி நீங்கள் அமரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த காட்சியை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை. தொனி எங்கே சமமாகக் கேட்கிறதோ அங்கே வூஃபரை வைக்கலாம். ஒலி மூலமும் காதும் இடம் மாறினாலும் கேட்பது மாறாது என்பதால் இது பலிக்கிறது.

தனி ஒருவர் ஓர் இருக்கையில் பார்ப்பதானால் நல்ல இடத்தில் ஒரு வூஃபர் போதும். குடும்பமாகப் பார்க்கும் வீட்டுக்கு என் தீர்ப்பு இரண்டு: பெரியது ஒன்றின் விலைக்கு ஒரே மொடலில் நடுத்தரம் இரண்டு. நான்கு, தனியறை கட்டி இரண்டு வரிசை இருக்கை போடுபவருக்கு. வீட்டு வேலை இன்னும் முடியவில்லை என்றால், பூச்சுக்கு முன்பே பின்சுவரின் நடுவுக்கு ஒரு வயர் பைப்பும் பிளக் பொயின்டும் வைக்கச் சொல்லிவிடுங்கள்.