ஒரு புள்ளிக்கு 12 நொடி! வொர்லியில் நடந்த கூடைப்பந்து அதிசயம் தெரியுமா?

2019 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை. மும்பை வொர்லியில் உள்ள என்.எஸ்.சி.ஐ. அரங்கம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக் அணிகள் இந்திய மண்ணில் ஆடிய முதல் ஆட்டம் அன்றுதான் நடந்தது! இந்தியானா பேசர்ஸ் 132, சாக்ரமென்டோ கிங்ஸ் 131. வெறும் ஒரு புள்ளியில் வெற்றி! 48 நிமிடம் ஆடியும் சமநிலை, அதனால் 5 நிமிடம் ஓவர்டைம். பார்த்தவர்கள் யார் தெரியுமா? மும்பையின் 70 பள்ளிகளிலிருந்து வந்த 3,000-க்கும் அதிகமான பிள்ளைகள்!

பேசர்ஸ் பக்கம் டி.ஜே. வாரன் 30 புள்ளி, கிங்ஸ் பக்கம் பட்டி ஹீல்ட் 28 புள்ளி. அதெல்லாம் இருக்கட்டும், இரண்டு அணியின் புள்ளிகளையும் கூட்டிப் பாருங்கள். 263! ஆடிய நேரம் 53 நிமிடம், அதாவது 3,180 நொடி. வகுத்தால் ஒரு புள்ளிக்கு 12 நொடி! மறுநாள் அதே அரங்கில் அதே இரண்டு அணிகள். இந்த முறை பேசர்ஸ் 130, கிங்ஸ் 106. முதல் நாள் மூச்சு முட்டிய போட்டி, இரண்டாம் நாள் 24 புள்ளி வித்தியாசத்தில் ஒருதலைப்பட்சம். ஆனால் 48 நிமிடத்தை 236 புள்ளியால் வகுத்தால் என்ன வருகிறது தெரியுமா? மறுபடியும் அதே 12 நொடி! வித்தியாசம் எகிறியது, வேகம் ஏறக்குறைய மாறவே இல்லை!

இந்த வேகம் எங்கிருந்து வந்தது? ஒரு வகுத்தல் கணக்கிலிருந்து! 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை வென்ற புள்ளிக்கணக்கு 19-18. ஆமாம், முழு 48 நிமிடத்துக்கும் அவ்வளவுதான். ஒரு புள்ளிக்கு 78 நொடி! லேக்கர்ஸின் 18 புள்ளியில் 15 புள்ளியை ஜார்ஜ் மைக்கன் என்ற ஒருவரே எடுத்தார். முன்னிலை பெற்ற அணி பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம், தடுக்க அப்போது விதி இல்லை. சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் யோசித்தார். ரசிகர்களுக்குப் பிடித்த நல்ல ஆட்டங்களில் இரு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. ஆட்ட நேரம் 2,880 நொடி. 2,880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. பந்து கைக்கு வந்தால் 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும்! 1954-55 சீசனில் இந்த ஷாட் கிளாக் அமலுக்கு வந்தது. அந்த முதல் சீசனிலேயே பட்டம் வென்ற அணி எது தெரியுமா? பயசோனின் சிராக்யூஸ்! இறுதியில் தோற்றது யார்? அந்த 19-18 ஆட்டத்தின் ஃபோர்ட் வேன்! எண்கள் எழுதும் கதையை எந்த நாவலாசிரியராலும் எழுத முடியாது.

இன்னும் இருக்கிறது! என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டம் 1951 ஜனவரி 6 அன்று நடந்தது. ஆறு ஓவர்டைம்! மொத்தம் 78 நிமிடம்! இண்டியானாபொலிஸ் ஒலிம்பியன்ஸ் 75, ரோச்செஸ்டர் ராயல்ஸ் 73. அந்த ராயல்ஸ் அணிதான் ஊர் ஊராக இடம் மாறி இன்று சாக்ரமென்டோ கிங்ஸ் என்று ஆடுகிறது! ஒலிம்பியன்ஸ் அணி பின்னாளில் கலைந்துவிட்டது, ஆனால் பேசர்ஸின் ஊரும் அதே இண்டியானாபொலிஸ்தான். 68 ஆண்டு கழித்து, கடல் கடந்து, நம் வொர்லியில் அந்த ஊர் அணியிடம் கிங்ஸ் மறுபடியும் ஓவர்டைமில் தோற்றிருக்கிறது!

இதே ராயல்ஸ் பரம்பரையில், அணி சின்சினாட்டியில் இருந்தபோது ஆடியவர் ஆஸ்கர் ராபர்ட்சன். 1961-62 சீசனில் அவருடைய சராசரி: ஓர் ஆட்டத்துக்கு 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 11.4 அசிஸ்ட் (சக வீரர் கூடை போட வழிசெய்யும் பாஸ்). ஓர் இரவு இப்படி ஆடினாலே கொண்டாடுவார்கள், அவருக்கு ஆண்டு முழுக்கச் சராசரியே அதுதான்!

அதே சீசனில்தான், 1962 மார்ச் 2 அன்று வில்ட் சேம்பர்லின் தனி ஒருவராக 100 புள்ளி எடுத்தார். கேட்டிருப்பீர்கள். அந்த ஆட்டத்தின் மொத்தக் கணக்கைக் கேட்டிருக்கிறீர்களா? 169-147. ஒரு புள்ளிக்கு 9 நொடி! என்.பி.ஏ.வில் அதிகப் புள்ளி விழுந்த ஆட்டம் 1983-இல் டெட்ராய்ட் 186-184 என்று டென்வரை வென்றது. ஆனால் அதற்கு மூன்று ஓவர்டைம் தேவைப்பட்டது. ஒரு புள்ளிக்கு 10 நொடிக்கு மேல். வேகத்தில் சேம்பர்லின் ஆட்டமே முந்துகிறது! இவ்வளவு பெரிய மனிதர் தன் வாழ்நாளில் எதிராளி கூடையை நோக்கி எறிந்த பந்தை எத்தனை முறை தடுத்து பிளாக் செய்தார் என்றால், அதற்கு அதிகாரபூர்வக் கணக்கே இல்லை. பிளாக்கையும், எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் ஸ்டீலையும் 1973-74 சீசனிலிருந்துதான் எண்ணத் தொடங்கினார்கள், அவர் 1973-லேயே ஆட்டத்தை முடித்துக்கொண்டார். எண்ணாமல் விட்ட உழைப்பு எவ்வளவு பெரியது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

வொர்லிக்கே திரும்பலாம். அன்று கிங்ஸ் சட்டையில் ஹீல்ட், பேசர்ஸ் சட்டையில் டொமான்டாஸ் சபோனிஸ். 2022 பிப்ரவரியில் இரு அணிகளும் வீரர்களைப் பரிமாறிக்கொண்டபோது ஹீல்ட் பேசர்ஸுக்குப் போனார், சபோனிஸ் கிங்ஸுக்கு வந்தார்! 2023-24 சீசனில் அந்த சபோனிஸ் கிங்ஸ் அணிக்காகத் தொடர்ந்து 61 ஆட்டங்களில் டபுள்-டபுள் எடுத்தார். டபுள்-டபுள் என்றால் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் போன்ற கணக்குகளில் ஏதாவது இரண்டில் பத்தைத் தொடுவது.

கிங்ஸ் உரிமையாளர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்து வளர்ந்தவர் என்பது தெரியுமா? 2015-இல் இந்திய வம்சாவளியில் முதல் என்.பி.ஏ. வீரராக சிம் புல்லர் களமிறங்கியதும் இவர் அணியில்தான். உயரம் 7 அடி 5 அங்குலம். 3 ஆட்டம், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3 நிமிடம், 2 புள்ளி. சின்ன வரிதான், ஆனால் அதற்கு முன் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை!

மும்பைக்குக் கூடைப்பந்து 2019-இல்தான் வந்ததென்று நினைத்துவிடாதீர்கள். நாக்பாடா தெருக்களிலிருந்து வந்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அப்பாஸ் முன்தசிர் 1970-லேயே அர்ஜுனா விருது பெற்றவர். நம் ஜனங்கள் நிறைந்த மாட்டுங்காவில் கூடைப்பந்து ஆடும் இந்தியன் ஜிம்கானா இருக்கிறது. டான் பாஸ்கோ பள்ளியில் நடக்கும் சேவியோ கோப்பைக்கு நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடியிருக்கின்றன. சென்னையின் அனிதா பால்துரையோ ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் தொடர்களில் இந்தியாவுக்காக ஆடி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஒன்பது!

இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே ஒரு முறை, 1980 மாஸ்கோவில். முதல் ஆட்டமே சோவியத் யூனியனுடன். 121-65 என்று தோல்வி. 40 நிமிட ஆட்டத்தில் ஒரு புள்ளிக்கு 13 நொடி, அதில் பெரும்பங்கு எதிராளியுடையது. இனி 2014 ஜூலைக்கு வாருங்கள். சீனாவின் வூஹான் நகரம், ஆசியக் கோப்பை, எதிரே ஆசியாவில் அதிக முறை பட்டம் வென்ற சீனா. இந்தியா 65, சீனா 58! நாம் எடுத்த புள்ளி மாஸ்கோவில் எடுத்த அதே 65-தான்! மாறியது எதிர்ப்பக்கத்து எண். அன்று 121 கொடுத்தவர்கள் இங்கே 58-க்கு மேல் கொடுக்கவில்லை. ஒரு புள்ளி விழ 19 நொடிக்கு மேல் ஆயிற்று. சீனர்களை அவர்கள் மண்ணிலேயே மறித்து நின்ற தடுப்பாட்டம் அது. சீனாவை இந்தியா வென்றது அதுவே முதல் முறை!