டாக்டர் தாத்தாவைக் கேளுங்கள்

மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, முதலில் கண் மருத்துவராக விரும்பியவர் அல்லர். எட்டயபுரத்தை அடுத்த கரிசல் கிராமத்தில் அவர் சிறுவனாக இருந்தபோது, உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்தனர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அப்போதே பிறந்தது. பின்னர் மூட்டுவாதம் விரல்களைக் கோணலாக்கியது; கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். சிறுவயதில் ஆற்று மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் படித்தவர் அவர். 2006-இல் மறைந்தார். அதற்கு முன்பே கேட்டுப் பதிந்துவைத்தவர்கள் இருந்ததால் இவையெல்லாம் நமக்குத் தெரிகின்றன.

இப்படிக் கேட்டுப் பதிவதை வாய்மொழி வரலாறு என்பர். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நீங்களே இதைச் செய்யலாம். ஆனால் காலம் குறைவு. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் காணப்பட்டது 1975-இல். அன்று 25 வயது மருத்துவராக இருந்தவர் இன்று 75-ஐத் தாண்டிவிட்டார். கண்ணாடி ஊசிக்குழலை வெந்நீரில் கொதிக்கவைத்த செவிலியரையும், மிக்சர் பாட்டிலில் வேளை அளவுக்காகக் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டிய கம்பவுண்டரையும் விட்டுவிடாதீர்கள்.

“அப்போது காலரா இருந்ததா?” என்று கேட்டால் “ஆமாம்” என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். “காலையில் கதவைத் திறந்ததும் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள்.

நினைவும் ஓர் அளவுகருவிதான். அதிலும் பிழை உண்டு. “குமாரசாமி ராஜா முதல் மந்திரி, ஆடிப்பூரத் தேருக்கு மறுநாள் காலரா வந்தது” என்று தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். ராஜபாளையத்துக்காரரான அவர் பதவியில் இருந்தது 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை. அதற்குள் ஆடி மாதம் மூன்றே முறைதான் வரும்: 1949, 1950, 1951. இனி அந்த மூன்று ஆண்டுகளின் இறப்புப் பதிவேடுகளைப் பார்த்தால் போதும்.

ஒலிப்பதிவுக்குக் கைப்பேசியே போதும். பேசுபவருக்கும் அதற்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால், நேராக வந்து சேரும் குரலின் செறிவு நான்கு மடங்காகும். மின்விசிறி இரைச்சல் அமுங்கிவிடும். அடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். மேசை அதிர்வு ஏறாது. முன்னதாக அனுமதி கேளுங்கள். நோயாளிகளின் பெயர் வந்தால் அதை வெளியிடக் கூடாது.

பேட்டி முடிந்ததும் சட்டென்று எழுந்துவிடாதீர்கள். பதிவை நிறுத்திய பிறகுதான் பல பெரியவர்கள் நல்ல கதையையே ஆரம்பிப்பார்கள்!