சட்டத்தின் மௌனமும் பதினொருவர் விடுதலையும்

அநீதியான சட்டம் சட்டமாகுமா? இவ்வினா சட்டக்கல்லூரி மாணவர் பொழுதுபோக்கிற்காகத் தருக்கிக்கும் ஒன்று என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். லியனகே வழக்கின் தீர்ப்பைப் படித்த பின்னர் அவ்வெண்ணம் என்னை விட்டகன்றது.

ஆகாது என்பர் தோமஸ் அக்குவினாஸ் முதலிய இயற்கைச் சட்டக் கொள்கையினர். அவர்க்குச் சட்டத்தின் உயிர் நீதியே. பெந்தாம், ஒஸ்ரின் வழிவந்தோரோ, உரிய அதிகாரமுடையார் இயற்றியது சட்டமே என்பர். அது நன்றா தீதா என்பது அவர்க்கு வேறு வினா. மேனாட்டார் பொசிற்றிவிசம் என வழங்கும் இக்கொள்கையினரை நெஞ்சிரக்கமற்றோர் என எண்ணுதல் தவறு. தீய சட்டத்தைத் தீயதென வெளிப்படக் கூறித் திருத்துதற்கே பெந்தாம் இப்பிரிவினையை வேண்டினார்.

1962ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் இலங்கை அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்ட சதியொன்று முறியடிக்கப்பட்டது. படை, பொலிசு அதிகாரிகள் பலர் கைதாயினர். அதன் பின்னரே பாராளுமன்றம் அவர்களைக் குறித்து ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் சனவரி முதலாந் தேதியே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. யூரர் இன்றி விசாரணை. குற்றங் காணின் குறைந்தது பத்தாண்டுச் சிறை. சொத்துப் பறிமுதலும் கட்டாயம்.

எதிரிகள் 24 பேருள் 11 பேர் 1965இல் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். தண்டனை விதித்த நீதிபதிகளே மனங்குழம்பினர் என்பது தீர்ப்பிலே தெரிகின்றது. சதியை அமைத்தோர்க்கும் அதற்குள் இழுக்கப்பட்டோர்க்குமிடையே வேறுபாடு காட்ட அவர்கள் விரும்பினர். சட்டம் அவர்கள் கையைக் கட்டிவிட்டது. ஆயினும் சட்டம் சட்டமே எனக் கொண்டு எல்லார்க்கும் பத்தாண்டே விதித்தனர்.

மேன்முறையீடு இலண்டன் கோமறைக் கழகத்தை அடைந்தது. நீதியின் அடிப்படைக் கோட்பாடுகளுக்கு முரணான சட்டத்தை இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று எதிரிகள் சார்பில் வாதிக்கப்பட்டது. இயற்கைச் சட்டத்தின் குரலே அது. கழகத்தார் அதை ஏற்றிலர். சுதந்திர நாட்டின் பாராளுமன்றத்தைத் தெளிவற்ற பொதுக் கோட்பாடுகளால் கட்டுப்படுத்தல் இயலாது என்றனர்.

எனினும் 1965ஆம் ஆண்டு திசெம்பரில் அப்பதினொருவரும் விடுதலை பெற்றனர்! காரணம் வேறு. குறித்த சிலரைத் தண்டிப்பதற்கென்றே ஆக்கப்பட்ட அச்சட்டம் நீதிமன்றங்களின் அதிகாரத்தைக் கவர்ந்தது. சோல்பரி யாப்பு அதற்கு இடந்தரவில்லை என்றது தீர்ப்பு.

இங்கேதான் நான் தயங்கி நின்றேன். நீதியதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது என்னும் வாசகம் அந்த யாப்பில் எங்கும் இல்லை. 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயந் தொட்டு நிலவிய வழமையையும், நீதிபதிகளின் நியமனம் பற்றிய ஏற்பாடுகளையும், யாப்பின் மௌனத்தையும் சேர்த்துப் படித்தே பிரபு பியேர்ஸ் அதனைக் கண்டார். ஒஸ்ரினின் மாணவர் இதனை யாப்பின் பொருள்கோள் என்பர். எனக்கோ, முன்வாயிலில் மறிக்கப்பட்ட நீதி பின்வாயிலால் உள்ளே வந்ததாகவே தோன்றுகின்றது.

பின்வாயில் அடைபடக்கூடியது. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு, மக்களின் நீதியதிகாரத்தைத் தேசிய அரசுப் பேரவையே நீதிமன்றங்கள் வாயிலாகச் செலுத்தும் என்று எழுதிற்று. பியேர்ஸ் பிரபு படித்த மௌனம் அன்றோடு நீங்கியது. அடுத்த பதினொருவர் அவ்வேளை வந்திருப்பின், எவ்வாசகத்தைக் காட்டி அவர்க்காக வாதாடியிருப்பர் என்று நான் இன்றும் எண்ணுவதுண்டு.