பாப்பா பெயரில் வந்த காசோலை
உங்க பொண்ணு வரைந்த ஓவியத்துக்குச் சிறுவர் இதழ்ப் போட்டியில் பரிசா? வாழ்த்துகள்! காசோலை அவள் பெயரில் வந்திருந்தால் உங்கள் கணக்கில் போட முடியாது. அதிலுள்ள தேதியிலிருந்து 3 மாதம் தாண்டினால் செல்லாது. "அப்புறம் பாத்துக்கலாம்"னு பீரோவில் வைத்துவிடாதீர்கள்.

அஞ்சலகத்தில் 500 ரூபாய் செலுத்தி அவள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். அவளது பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் அட்டை, புகைப்படங்களை எடுத்துச் செல்லுங்கள். 10 வயது நிறைந்திருந்தால் அவளே கையெழுத்திட்டுக் கணக்கை இயக்கலாம்.

இன்னும் 10 வயது ஆகலையா? கூடவே செல்வமகள் சேமிப்புக் கணக்கும் தொடங்குங்கள். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் செலுத்த வேண்டும். 18 வயதானதும் உயர்கல்விக்காகப் பாதித் தொகை வரை எடுக்கலாம்.

பரிசுப் பணம் சின்னதுதான்; சேமிப்பைத் தொடங்க அது போதும்!