பழைய நிலை, கதவு, பலகைகளைப் பழுதின்றிக் கழற்றல்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். 1996இல் திரும்பியவர்களுட் பலர் கதவும் கூரையும் இழந்த வீடுகளையே கண்டனர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோரின் காணிகள் பல, 2009இன் பின்னரே கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. சண்டிலிப்பாயிலும் அயலூர்களிலும் இத்தகைய பழைய வீடுகளைத் திருத்தும்போது எஞ்சிய மரமே பெரிய முதல். முற்றிய வேம்பு, முதிரை, பனை மரங்களை இன்று வாங்குவது எளிதல்ல. ஆகவே அலவாங்கை எடுக்கமுன் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. நெடுங்காலம் ஆளில்லாதிருந்த வளவாயின், வெடிபொருட்கள் அகற்றப்பட்டமை உறுதியான பின்னரே உட்செல்லுங்கள்.

2. நிலையின் அடிப்பகுதியைச் சிறு உளியால் குத்திப் பாருங்கள். கறையானும் ஈரமும் அங்கேதான் தொடங்கும். அடியில் ஓரடி மட்டும் உக்கியிருந்தால், தச்சர் அதை அறுத்துப் புதுத்துண்டு பொருத்துவார். முழு நிலையையும் எறிய வேண்டியதில்லை.

3. பழைய வீடுகள் சிலவற்றில் மேற்சுவரின் பாரத்தை நிலையே தாங்குகிறது. மேசனிடம் காட்டி, முட்டுக் கொடுத்த பின்னரே நிலையில் கை வையுங்கள்.

4. கதவை முதலில் இறக்குங்கள். துருப்பிடித்த திருகாணிகளுக்கு முதல்நாளிரவே மண்ணெண்ணெய் விடுங்கள்.

5. ஓரப்பலகைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பூச்சைக் கத்தியால் கீறுங்கள். பின்னர் ஆணி உள்ள இடங்களில் மட்டும் அகன்ற உளியைச் செருகி, சிறிது சிறிதாக நெம்புங்கள். ஒரு முனையை மட்டும் இழுத்தால் பலகை பிளக்கும். ஆணியைப் பின்பக்கத்தால் குறட்டால் இழுத்தெடுத்தால் முன்முகம் சிதையாது.

6. நிலையைச் சுற்றியுள்ள சாந்தைக் கொத்தி அகற்றுங்கள். சுண்ணாம்புச் சாந்து இலகுவில் உதிரும். சீமெந்துப் பூச்சு மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். சுவருக்குள் இரும்புப் பட்டி இருந்தால் இரும்பு வாளால் அறுங்கள். நிலையின் மேற்சட்டம் இருபுறமும் சுவருக்குள் நீண்டிருக்கக்கூடும். அதையும் விடுவித்த பின்னரே வெளியே எடுங்கள்.

7. நிலை கோணாதிருக்கக் குறுக்கே ஒரு சலாகை அறையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கமிட்டு, நிழலில், கற்களின்மேல் அடுக்குங்கள்.

பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். அதை எரிக்காதீர்கள், உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். ஈயத்தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வேலை முடியும்வரை அவர்களை அப்பால் வைத்திருங்கள். சுரண்டிய கழிவைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள்.

இவ்வாறு கழற்ற ஒருநாள் கூடுதலாகச் செல்லலாம். ஆனால் முழுதாக வந்த நிலை புதுச்சுவரிலும் அப்படியே பொருந்தும். அதற்கான பணம் கூரைக்கு மிஞ்சும்.